நீரை எடுத்தாகிவிட்டது, காரணம் என்ன?

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் சிறிய அளவில் ஓர் ஆய்வகம் நடத்திவரும் நோய்க்குறியியல் மருத்துவர் நான். இரத்தமும் சிறுநீரும் போக, எங்களிடம் வாடிக்கையாக வந்து சேரும் மாதிரிகளில் ஒன்று, நெஞ்சிலிருந்து ஊசி போட்டு எடுத்த நீர். அதைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் நோயாளியின் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். கையில் ஒரு பாட்டிலும் மருத்துவரின் சீட்டும் இருக்கும், முகத்தில் பாதி நிம்மதி தெரியும். "தண்ணியை முழுசா எடுத்துட்டாங்க மேடம், இனிமே பயமில்லைங்களே?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. மூன்று நாளாக உட்கார்ந்தபடியே தூங்கிய அப்பா, நீர் எடுத்த பிறகு மல்லாந்து படுத்துத் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தவர் அப்படிக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சில் நீர் கோப்பது தனியாக ஒரு நோய் அன்று. இதயம், ஈரல், சிறுநீரகம், நுரையீரல், சில வேளைகளில் கணையம்கூட, இவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கும் கோளாறின் விளைவு அது. காரணத்தை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் அது மறுபடி ஊறும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க மிக நல்ல வாய்ப்பு முதல் தடவை நீர் எடுக்கும்போதுதான் கிடைக்கிறது என்பதும், அந்த வாய்ப்பு நம் பக்கத்தில் எவ்வளவு சாதாரணமாகக் கைநழுவுகிறது என்பதும்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

நுரையீரலை ஒட்டி ஒரு மெல்லிய படலமும், மார்புக்கூட்டின் உட்புறத்தை ஒட்டி இன்னொரு படலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, ஆரோக்கியமான ஒருவருக்கு மொத்தமாகவே 10 முதல் 20 மில்லி நீர்தான் இருக்கும். மூச்சு இழுத்து விடும்போது படலங்கள் உரசாமல் இருப்பதற்கு அது போதும். இந்த நீர் அப்படியே தேங்கி நிற்பதும் இல்லை. வெளிப்படலத்தின் இரத்த நுண்குழாய்களிலிருந்து அது கசிந்துகொண்டே இருக்கிறது, அதே படலத்திலுள்ள நிணநீர் வழிகள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. வழக்கத்தைவிடப் பல மடங்கு கசிந்தாலும் சமாளிக்கும் திறன் அந்த வழிகளுக்கு இருப்பதால், அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று நீர் சேர்ந்திருக்கிறது என்றால், கசிவு அளவுமீறிப் போயிருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைபட்டிருக்க வேண்டும், பல நோயாளிகளில் இரண்டுமே நடந்திருக்கும். பலர் நினைப்பதுபோல் இந்த நீர் நுரையீரலுக்குள் இல்லை. வெளியே இருந்துகொண்டு அதை அமுக்குகிறது. நுரையீரலுக்குள்ளேயே நீர் நிரம்புவது வேறு சங்கதி, அதை ஊசியால் எடுக்கவும் முடியாது.

ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே காரணத்தின் பாதி தெரிந்துவிடக்கூடும் என்பதை என்னைப் போன்றவர்கள் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். காலில் வீக்கம் உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மூச்சை ஆழ இழுத்தால் விலாவில் குத்துகிறதா, முன்பு மார்பகத்திலோ கருப்பையிலோ அறுவைச் சிகிச்சை நடந்ததா, மூட்டுவலிக்கு எத்தனை ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்கிற மருத்துவர், முதுகில் விரலால் தட்டிப் பார்த்து மந்த ஒலி எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அங்கே மூச்சுச் சத்தம் குறைந்திருப்பதையும் கேட்டுவிட்டால், எக்ஸ்ரே வருவதற்கு முன்பே நீர் இருப்பதை ஏறக்குறைய உறுதிசெய்துவிடுவார். நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலை மழுங்கித் தெரிய ஏறத்தாழ 200 மில்லி நீராவது சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் 50 மில்லி அளவிலேயே தெரியத் தொடங்கும். அல்ட்ராசவுண்டு அதைவிடக் குறைந்த அளவையும் காட்டிவிடும். அது மட்டுமல்ல, நீர் தெளிவாக இருக்கிறதா, உள்ளே நூல் நூலாகத் தடுப்புகள் விழுந்து அறை அறையாகப் பிரிந்திருக்கிறதா, ஊசியை எந்த இடத்தில் இறக்கினால் நுரையீரலிலோ ஈரலிலோ குத்தாது என்பதையும் காட்டும். ஸ்கேன் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்தக் காலத்தில், ஸ்கேன் பார்க்காமல் ஊசி போடுவதற்கு நியாயமே இல்லை என்பது என் கருத்து.

எல்லா நீரையும் எடுக்க வேண்டியதும் இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நீர் இருந்து, இதயம் பெருத்து, காலும் வீங்கியிருந்தால் அது இதயச் செயலிழப்பால் வந்தது என்று வைத்துக்கொண்டு, நீர்பிரிக்கும் மருந்து கொடுத்துச் சில நாள் பார்ப்பதுதான் முறை. ஒரு பக்கம் மட்டும் நீர் இருந்தாலோ, காய்ச்சலும் நெஞ்சுவலியும் சேர்ந்திருந்தாலோ, மருந்துக்கு அது வற்றாமல் போனாலோ ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். டெங்குக் காய்ச்சலில் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் தெரியும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்த வேளையில் ஊசி போடுவது ஆபத்து, காய்ச்சலின் கட்டம் கடந்தால் அந்த நீர் தானே உறிஞ்சப்பட்டுவிடும். மழைக்காலத்தில் ஸ்கேன் அறிக்கையில் "நுரையீரலில் நீர்" என்று படித்துவிட்டு, உடனே அதை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவரை நெருக்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி என் மேசைக்கு வருகிறேன். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரருக்கு ஒரு சிறிய மருத்துவமனையில் ஒரு லிட்டருக்கு மேல் நீர் எடுத்து, அதில் ஐந்து மில்லியை மட்டும் ஒரு வெற்றுக் குழாயில் ஊற்றி, மீதியைக் கொட்டிவிட்டு, குழாயை மகனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி என்னிடம் வந்து சேரும்போது, உள்ளே இருந்த, உறையும் புரதமான ஃபைப்ரின் உறைந்து ஒரு திரையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் எண்ண வேண்டிய வெள்ளணுக்கள் எல்லாம் அந்தத் திரையில் சிக்கியிருக்கின்றன. மீதமிருப்பதை எண்ணி நான் தரும் எந்த எண்ணும் பொய்யாகத்தான் இருக்கும். சீட்டைப் பிரித்தால் "ஏடிஏ" என்று மூன்றெழுத்து, காசநோயைச் சந்தேகித்துக் கேட்கும் சோதனை அது. வயது இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை, காய்ச்சல் உண்டா என்றும் இல்லை. இதற்கு நான் மகனைக் கோபித்துக்கொள்ள முடியாது. போனில் மருத்துவரை அழைத்துக் கேட்டால், "இருக்கிறதை வைத்துப் பாருங்கள்" என்கிறார். மறுபடி ஊசி போடுவது என்றால் நோயாளிக்கு மறுபடியும் வலி, மறுபடியும் செலவு, மறுபடியும் அந்த மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வர வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமான காரியம் அன்று. உறைவதைத் தடுக்கும் வேதிப்பொருள் உள்ள, ஊதா மூடி போட்ட குழாயில் கொஞ்சம், அணுக்களை எண்ணுவதற்கு. சாம்பல் மூடிக் குழாயில் கொஞ்சம், சர்க்கரை பார்ப்பதற்கு. வெற்றுக் குழாயில் விட்டால் அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். வெற்றுக் குழாயில் புரதமும், செல்கள் சிதையும்போது கசியும் எல்டிஹெச் என்ற நொதியும், ஏடிஏவும் பார்க்கலாம். தொற்று என்ற சந்தேகம் இருந்தால் கிருமி வளர்ப்புக்கு, நோயாளியின் படுக்கையருகிலேயே இரத்தக் கல்ச்சர் பாட்டிலில் செலுத்திவிட வேண்டும். அமிலத்தன்மை பார்ப்பதாக இருந்தால் காற்றுப் புகாத ஹெப்பாரின் சிரிஞ்சில் எடுத்து உடனே அனுப்ப வேண்டும். காற்றுப் பட்டால் எண் கூடிவிடும், மரத்துப்போகப் போட்ட ஊசிமருந்தின் மிச்சம் சிரிஞ்சில் கலந்தால் குறைந்துவிடும். புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சுமார் 50 மில்லியாவது வேண்டும், கொட்டிவிடும் நீரில் இது ஒரு சிறு பங்குதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே நாளில் எடுத்த இரத்தம் ஒரு குழாய் கூடவே வர வேண்டும். இந்தக் கடைசிக் குழாய்தான் பெரும்பாலும் வருவதே இல்லை, அது இல்லாவிட்டால் நாங்கள் எடுத்து வைக்க வேண்டிய முதல் அடியையே எடுத்து வைக்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த நீர் இரண்டு வகைப்படும். இதயம் தளர்ந்து அழுத்தம் கூடியதாலோ, ஈரல் சுருங்கியதாலோ, சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகி இரத்தத்தில் ஆல்புமின் குறைந்ததாலோ நீர் கசியும்போது படலத்தின்மேல் குற்றமே இல்லை; இந்த நீரில் புரதம் குறைவாக இருக்கும், இதை டிரான்சுடேட் என்போம். படலமே அழற்சியாலோ புற்றுநோயாலோ பாதிக்கப்பட்டுக் கசிந்தால் புரதம் மிகுந்த எக்சுடேட் வரும். முதல் வகை என்று தெரிந்துவிட்டால் நீரை மேலும் குடைந்து பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, இதயத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கவனித்தால் போதும். இரண்டாவது வகை என்றால்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது. இந்தப் பிரிவுக்கான அளவுகோலை 1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் தம் சகாக்களுடன் 150 நோயாளிகளின் நீரை ஆராய்ந்து வெளியிட்டார். நீரிலுள்ள புரதம் இரத்தத்திலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது, நீரின் எல்டிஹெச் இரத்தத்தின் எல்டிஹெச்சில் 0.6 பங்குக்கு மேல் இருப்பது, நீரின் எல்டிஹெச் இரத்தத்துக்குரிய இயல்பு உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவது ஆகிய மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அது எக்சுடேட். ஐம்பது ஆண்டு கடந்தும் இதை மிஞ்சி எளிமையான அளவுகோல் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. மூன்றில் இரண்டு விதிகள் இரத்தத்தோடு ஒப்பிடுபவை என்பதைக் கவனித்தால், இரத்தக் குழாய் இல்லாமல் வரும் பாட்டிலைப் பார்த்து நான் ஏன் சலித்துக்கொள்கிறேன் என்பது விளங்கும்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு குறை உண்டு, அது தவறுவது பெரும்பாலும் ஒரே பக்கம்தான். எக்சுடேட்டை அது தவறவிடுவது அபூர்வம், ஆனால் டிரான்சுடேட்டில் ஏறத்தாழ நான்கில் ஒன்றை எக்சுடேட் என்று சொல்லிவிடும், அதிலும் நீர்பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் இது அதிகம், ஏனென்றால் தண்ணீர் வற்றி, புரதம் செறிந்துவிடுகிறது. அம்மாபேட்டைப் பக்கத்து நெசவாளி ஒருவர், வயது எழுபதை ஒட்டி. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், இரண்டு வாரமாக நீர்பிரிக்கும் மாத்திரையில் இருப்பவர். அவருடைய நீர், விளிம்பை மட்டும் தாண்டி எக்சுடேட் என்று வந்தது. வீட்டார் காசநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள், தட்டு டம்ளரைக்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். இரத்தக் குழாயும் கூடவே வந்திருந்ததால் அதிலிருந்து ஆல்புமினைப் பார்த்து நீரின் ஆல்புமினைக் கழித்தோம், வித்தியாசம் 1.2 கிராமைத் தாண்டி நின்றது. அப்படி நின்றால் அது இதயத்தின் வேலைதான் என்று பெரும்பாலும் நம்பலாம். எக்கோவும் அதையே சொன்னது. தட்டும் டம்ளரும் பழைய இடத்துக்குத் திரும்பின. நுரையீரல் உறைக்குள் அடங்கிய காசநோய், நுரையீரலில் பாதிப்பு இல்லாதவரை, பிறருக்கு அவ்வளவாகத் தொற்றுவதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லி அனுப்பினேன்.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். கலங்கி, மூடியைத் திறந்தாலே நாற்றம் வந்தால் சீழ். நாற்றம் காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளின் அடையாளம். பால்போல் வெளுத்திருந்தால் நெஞ்சிலுள்ள பெரிய நிணநீர்க் குழாய் எங்கோ சிதைந்திருக்கிறது என்று சந்தேகித்து டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்ப்போம், 110 மில்லிகிராமுக்கு மேல் போனால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. சாக்லேட் நிறத்தில் கெட்டியாக, அதுவும் வலப்பக்கத்திலிருந்து எடுத்திருந்தால், ஈரலில் அமீபாவால் உண்டான சீழ்க்கட்டி உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு மேலே உடைந்திருக்கலாம். சிவந்த நீர் எல்லாமே இரத்தம் அன்று. சில சொட்டு இரத்தம் கலந்தாலே நீர் சிவந்துவிடும். அதன் ஹீமட்டோகிரிட், அதாவது சிவப்பணுக்களின் பங்கு, உடலில் ஓடும் இரத்தத்தினுடையதில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டுமே அதை இரத்தத் தேக்கம் என்கிறோம். இரத்தம் கலந்த நீர் புற்றுநோயிலும் வரலாம், நுரையீரல் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக்கட்டி அடைத்தாலும் வரலாம், காசநோயிலும் சில வேளை வரும், ஊசி சிறு குழாய் ஒன்றைக் கீறியிருந்தாலும் வரும்.

அடுத்து வெள்ளணுக்களின் வகைகள். நியூட்ரோஃபில்கள் மிகுந்திருந்தால் சில நாளுக்குள் தொடங்கிய, வேகமான அழற்சி. நிமோனியாவை ஒட்டி வரும் நீர் இப்படித்தான் இருக்கும். நிணநீரணுக்கள் பாதிக்கு மேல் இருந்தால் நாள்பட்டது. நம் நாட்டில் காசநோயும் புற்றுநோயும்தான் அங்கே முதலில் நினைவுக்கு வர வேண்டும். காசநோயின் நீரிலும் முதல் சில நாட்களில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து யாரையும் தப்பவிட முடியாது. படலத்திலிருந்து உதிரும் மீசோதீலியல் செல்கள் காசநோயில் மிகக் குறைவாகவே கிடைக்கும். அவை நிறையக் கிடக்கின்றன என்றால் நான் காசநோய் என்ற எண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைப்பேன். ஈசினோஃபில்கள் பத்து சதவீதத்தைத் தாண்டினால் பலமுறை அதற்குக் காரணம் இதற்கு முன்பு போட்ட ஊசி வழியே காற்றோ இரத்தமோ உள்ளே புகுந்ததாகவே இருக்கும். சீட்டில் "இது இரண்டாவது முறை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் நேரம் மிச்சமாகும்.

இப்போது அந்த மூன்றெழுத்து. ஏடிஏ என்பது நம் வெள்ளணுக்கள் சுரக்கும் ஒரு நொதி. காசநோய்க் கிருமியை எதிர்த்துத் திரளும் அணுக்களிடம் அது மிகுதியாக இருப்பதால் நீரிலும் கூடுகிறது. 40 யூனிட் என்பது வழக்கமான எல்லைக்கோடு. இந்தச் சோதனை இங்கே இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு நியாயமான காரணம் உண்டு: காசநோயால் கோக்கும் நீரில் கிருமிகள் மிகச் சொற்பம், அந்த நீர் பெரும்பாலும் கிருமிக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையின் விளைவு. அதனால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிருமி தென்படாது, வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருந்தும் பலருக்குக் கிடைக்காது, மரபணுவைக் கண்டுபிடிக்கும் சிபிநாட் சோதனை 'இருக்கிறது' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் நம்ப முடியாது. இந்நிலையில், காசநோய் மிகுந்த நாட்டில், இளவயதுக்காரர் ஒருவரின் ஒருபக்க நீர், நிணநீரணு மிகுந்த எக்சுடேட்டாக இருந்து, ஏடிஏ 70 என்று வந்தால், படலத்திலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலேயே காசநோய் மருந்தைத் தொடங்குவதை நான் குறைசொல்ல மாட்டேன்.

நான் குறைசொல்வது, அந்த ஒற்றை எண்ணை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துப் படிப்பதை. சீழ் கோத்த நெஞ்சிலும் ஏடிஏ ஏறும், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலும் ஏறும், நிணநீர்ப் புற்றுநோயிலும் ஏறும். 250-ஐத் தாண்டிப் பறந்தால் காசநோயைவிடச் சீழையும் நிணநீர்ப் புற்றையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அணுக்களை எண்ணாமல் ஏடிஏ மட்டும் பார்த்தால் இவற்றைப் பிரித்தறியவே முடியாது. அதனால் எங்கள் ஆய்வகத்தில் 'ஏடிஏ மட்டும்' என்று வரும் சீட்டுக்கும் அணுக்களின் விகிதத்தைச் சேர்த்தே அறிக்கை தருகிறோம், அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. "கேட்காததை எதற்கு எழுதுகிறீர்கள்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டதும் உண்டு.

மருந்து போட்டதும் நீர் வற்றிவிட்டது, ஆகவே அது காசநோய்தான் என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. காசநோய் நீர் மருந்தே இல்லாமலும் சில மாதங்களில் தானாக வற்றிவிடக்கூடியது. மருந்துகள் பரவலாவதற்கு முந்தைய காலத்து அமெரிக்கப் படைவீரர்களைப் பின்தொடர்ந்து 1955-இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படித் தானாக வற்றியவர்களில் 65 சதவீதத்தினருக்குப் பிற்பாடு உடலில் வேறெங்காவது காசநோய் வெளிப்பட்டதைக் காட்டியது. நீர் வற்றுவதை வைத்து நோய் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, இன்ன நோய்தான் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் காசநோய் என்று முடிவானால், நெஞ்சு லேசாகிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடாமல் ஆறு மாதமும் முழுதாகச் சாப்பிடச் சொல்கிறோம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்த மருந்து இலவசம். தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் நோயாளியை அரசிடம் பதிவுசெய்தாக வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். அப்படிப் பதிவானவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய் ஆகியிருக்கிறது.

காசநோய் என்ற ஊகம் எங்கே ஆபத்தாகிறது என்பதற்கு ஓர் உதாரணம், ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். ஐம்பதைக் கடந்த பெண்மணி, சிகரெட் புகை பக்கமே போகாதவர். வேறோர் இடத்தில் முதல்முறை ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் எடுத்து, நிறைய நிணநீரணு இருந்ததால் காசநோய் மாத்திரை தொடங்கிவிட்டார்கள்; ஏடிஏ 40-க்கு நன்றாகக் கீழே இருந்தது, செல் சோதனைக்கு நீர் அனுப்பப்படவே இல்லை. இரண்டு மாதத்தில் நீர் மறுபடி நிறைந்து, லேசான சிவப்போடு என்னிடம் வந்தது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் பரப்பிச் சாயமேற்றிப் பார்த்தால், தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும் மீசோதீலியல் செல்களுக்கு நடுவே, பெரிய கருவும் அதனுள் துருத்திய நுண்கருவும் கொண்ட செல்கள், ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாக, விளிம்பு வழவழப்பாக நின்றன. பழகிய கண்ணுக்கு அது சுரப்பிப் புற்று என்று தெரியும், ஆனால் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. எரிச்சலடைந்த மீசோதீலியல் செல்களே புற்றைப்போல வேடம் போடக்கூடியவை என்பதால் கண்ணை மட்டும் நம்பவும் கூடாது. படிவைக் கட்டியாக்கி மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, எதிர்ப்பொருள் சாயங்கள் ஏற்றினோம்: மீசோதீலியத்தைக் காட்டும் கால்ரெட்டினின் ஏறவில்லை, நுரையீரலைக் காட்டும் டிடிஎஃப்-1 கருவில் பழுப்பாக ஏறியது. நுரையீரலில் தொடங்கிய புற்று. அதே மெழுகுக் கட்டியிலிருந்து மரபணுச் சோதனைக்கும் அனுப்ப முடிந்தது. புகைபிடிக்காத பெண்களிடம் அடிக்கடி காணப்படும் இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம் இருப்பது தெரிந்து, அதற்கென்றே உள்ள மாத்திரையில் அவர் இப்போது இருக்கிறார். முதல்முறை எடுத்த ஒன்றரை லிட்டரில் 50 மில்லி வந்திருந்தால் இவையெல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடும்.

தெரிந்தே இருக்கும் என்று அடித்துச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. புற்றுநோயால் கோத்த நீரில்கூட முதல் மாதிரியில் செல்கள் கிடைப்பது சுமார் 60 சதவீதத்தினருக்குத்தான். இரண்டாவது மாதிரி இன்னும் சிலரைப் பிடித்துத் தரும், மூன்றாவது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. அதனால் 'புற்றுச் செல்கள் காணப்படவில்லை' என்று நான் கையெழுத்திட்டுத் தரும் தாளை, புற்றுநோய் இல்லை என்ற சான்றிதழாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

நிமோனியாவை ஒட்டி வரும் நீரில் அவசரம் வேறு மாதிரியானது. அங்கே கேள்வி, மருந்து போதுமா, குழாய் போட்டு வடிக்க வேண்டுமா என்பது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2-க்குக் கீழே இறங்கினாலோ, சர்க்கரை 60 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ, கிருமி தென்பட்டாலோ குழாய் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணாலேயே சீழ் என்று தெரிந்தால் இந்த எண்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நம் பக்கம் சர்க்கரை நோயாளிகள் மிகுதி, அவர்களிடம் சீழ் சில நாட்களிலேயே அறை அறையாகக் கட்டிக்கொண்டு நுரையீரலைச் சிறைப்படுத்திவிடும், பிறகு அறுவைச் சிகிச்சைதான். முடக்குவாத நோயாளிகளின் நீரிலும் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும் என்பதால் மூட்டுவலி மருந்தைப் பற்றிய அந்த ஒரு வரி சீட்டில் இருந்தால் நல்லது. இடப்பக்கம் நீர், கூடவே வயிற்றுவலி, மதுப்பழக்கம் என்றால் அமைலேஸ் என்ற செரிமான நொதியைப் பார்த்துக் கணையத்தைச் சந்தேகிக்கலாம். நுரையீரல் இரத்தக் குழாயடைப்பால் வரும் நீரில் மட்டும் இதுதான் என்று சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. நீண்ட நாள் படுக்கையில் இருந்தவருக்கோ அண்மையில் பிரசவமானவருக்கோ திடீரென மூச்சுத்திணறலும் கொஞ்சம் நீரும் வந்தால், மருத்துவர் என் அறிக்கைக்குக் காத்திராமல் சிடி ஸ்கேனுக்கு அனுப்பிவிட வேண்டும்.

எடுக்கும் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்துவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவதுண்டு. நாள்பட அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசிந்து உயிருக்கு ஆபத்தாகக்கூடும். ஒரு தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாமல் நிறுத்துவதும், நோயாளி இருமினாலோ நெஞ்சு இறுகுகிறது என்றாலோ உடனே நிறுத்துவதும் அதற்காகத்தான். பாதியில் ஊசியை எடுத்த மருத்துவரை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

இத்தனை பார்த்த பிறகும் காரணம் தெரியாத நீர் உண்டு. அப்போது சிடி ஸ்கேன் எடுத்து, படலம் தடித்திருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு சதை எடுக்கலாம். அல்லது நெஞ்சுக்குள் கேமரா செலுத்திப் படலத்தை நேரடியாகப் பார்த்துச் சந்தேகமான இடத்திலிருந்தே எடுக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த யாக்கோபியஸ் 1910-இல் செய்துகாட்டிய இந்தத் தோரகோஸ்கோப்பி, காசநோயிலும் புற்றுநோயிலும் பத்தில் ஒன்பது பேருக்காவது விடை தருகிறது. கேமரா என்றதும் பெரிய ஆபரேஷன் என்று பயந்து, அதற்குப் பதிலாக 'ஒருவேளை டிபியாக இருக்கலாம், மாத்திரை போட்டுப் பார்ப்போம்' என்பதற்குச் சம்மதித்துவிடுகிற குடும்பங்கள் பல. விலாவில் சிறு துளை ஒன்றில் முடிந்துவிடும் வேலை அது, பலருக்கு மயக்கம் கொடுக்காமல் மரத்துப்போகச் செய்தும் செய்துவிடலாம்.

அதிலும் 'குறிப்பிட்ட காரணம் காணப்படாத அழற்சி' என்றே சிலருக்கு அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நீர் மறுபடி வருவதில்லை. ஒரு சிறு பங்கினருக்கு ஓரிரு ஆண்டுக்குள் புற்றுநோய் வெளிப்படுகிறது. யார் எந்தப் பக்கம் என்பதை அந்தச் சதைத்துண்டைப் பார்த்து என்னால் பிரிக்க முடியாது என்பதால், அப்படிப்பட்ட அறிக்கையின் அடியில், முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டும்படி ஒரு வரி சேர்த்து எழுதுகிறேன். வரும்போது பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களையும் எங்கள் அறிக்கையையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லி, வாங்கிப் போக வந்த மகனிடம் வாயாலும் சொல்லி அனுப்புகிறேன். எங்கள் பக்கத்தில் அந்த மெழுகுக் கட்டியைப் பெயரும் எண்ணும் இட்டு எடுத்து வைத்திருக்கிறோம், புதிதாக ஏதாவது தெரியவந்தால் பழையதையே எடுத்து மறுபடி சீவிப் பார்க்கலாம்.